சரிவில் திறக்கும் கதவு

எங்கள் கவச வண்டி ஏழு டன்னைத் தாண்டக்கூடாது. தாண்டினால் ஆற்றில் மிதக்காது. அன்று காலை எடைமேடை ஏழு டன்னும் பதினெட்டு கிலோவும் காட்டியது. கனமான பின்கதவைத் தள்ளித் திறக்க உதவியாக நான் வைத்திருந்த ஸ்பிரிங்கும் சரியாகப் பதினெட்டு கிலோ.

“கணக்கே உன்னைக் காட்டிக்கொடுக்குது பாரும்மா,” என்றார் தலைமை வடிவமைப்பாளர். முதுகுக்குப் பின்னால் நாங்கள் அவரைக் கிலோ சார் என்போம். “கழட்டிடு. கதவைத் தள்ள உள்ள ஆறு சிப்பாய் இருக்காங்க.”

“ஆறு பேருக்கும் அடிபடாம இருந்தா சரி, சார்.”

“சாயங்காலம் வரைபடத்துல நான் கையெழுத்துப் போட்டாகணும். அதுக்குள்ள நிரூபி.”

எனக்குக் கோபம் வரவில்லை. யாராவது மறுத்துப் பேசினால் எனக்குள்ளே ஒருத்தி எழுந்து வரிந்துகட்டிக்கொண்டு வருவாள். இன்று அவள் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். வண்டியைச் சோதித்து ஓட்டுபவன் என் தம்பி. அவனுக்காகத்தான் அக்கா பிடிவாதம் பிடிக்கிறாள் என்று அலுவலகத்தில் பேச்சு. பொய் இல்லை. ஆனால் பிடிவாதம் ஜெயிக்க மட்டுமே பார்க்கும். எனக்கோ, யாராவது சோதித்துப் பார்த்தால் போதும் என்றிருந்தது.

வண்டி வரைகிற எங்களுக்கு ஒரு கெட்ட பழக்கம்: காகிதத்தில் அது எப்போதும் சமதரையில்தான் நிற்கும். வெடியின் வேகத்தை இரு பக்கமும் ஒதுக்கிவிடும் கூரான அடிவயிறு, காற்றுப் போன டயரிலும் ஐம்பது கிலோமீட்டர் ஓடும் திறன், எல்லாவற்றையும் யோசித்தோம். கதவின் பாரத்தை மட்டும் சமதரையிலேயே கணக்கிட்டுவிட்டோம். அடிபட்ட வண்டி இடம் பார்த்தா நிற்கும்?

“சார், நீங்களே உள்ள உட்காருங்க. கவச உடுப்போட. வலது கை அடிபட்டதா வச்சுக்கிட்டு இடது கையால மட்டும் திறக்கணும்.”

“சார், வீட்டுல சொல்லிட்டு வந்தீங்களா?” என்றான் தம்பி.

“உங்க அக்காகிட்ட வேலை பார்க்கிறவன்டா நான். தினமும் சொல்லிட்டுத்தான் வரேன்.”

தம்பி வண்டியைச் சரிவில் குறுக்காக நிறுத்தினான். கதவு மேட்டுப் பக்கமாகத் திறந்தாக வேண்டும். கிலோ சார் உள்ளே ஏறி உட்கார்ந்தார். நான் ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டுக் கதவைச் சாத்தினேன். எண்ண ஆரம்பித்தேன்.

உள்ளே ஒரு இடி. பிறகு இரண்டு. கதவு விரல் அகலம் விலகி, மறுபடி மூடிக்கொண்டது. அப்புறம் சத்தமே இல்லை. என் கை தானாகக் கைப்பிடிக்குப் போயிற்று, திறக்காமல் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டேன்.

“போதும்க்கா. பாவம்.”

“இருபது வரைக்கும்டா.”

இருபதில் இருவரும் சேர்ந்து இழுத்தோம். வேர்வையில் தொப்பலாக நனைந்திருந்தவர் இறங்கவில்லை. “ஸ்பிரிங்கை மாட்டு,” என்றார்.

இந்த முறை மூன்று எண்ணுவதற்குள் இடது கை வெளியே தெரிந்தது. பின்னாலேயே முகம்.

படியில் உட்கார்ந்து தண்ணீர் குடித்தார். “சரி, இது இருக்கட்டும். அந்தப் பதினெட்டை எங்க குறைக்கிறது?”

பதில் ஒரு வாரமாக என்னிடம் இருந்தது. சொல்லத்தான் துணிச்சல் இல்லாமல் இருந்தது.

“கமாண்டர் சீட்டுக்கு முன்னாடி இருக்கிற இரும்புக் கால்பலகை, சார்.”

தம்பி வானத்தைப் பார்த்தான். அந்தக் கால்பலகை கிலோ சார் தன் கையால் வரைந்தது. வருகிற விருந்தாளிகளுக்கெல்லாம் அதைத்தான் முதலில் காட்டுவார்.

“அது எவ்வளவு?” என்றார், தெரியாதவர் போல.

“பத்தொன்பது, சார்.”

வண்டியை ஒரு முறை சுற்றி வந்தார். முன்பக்கம் சற்று நேரம் நின்றார். திரும்பி வந்து பேனாவைத் திறந்தார்.

“ஒரு கிலோ மிச்சமாகுதே,” என்றார்.