காலி வெண்ணெய் டப்பா

எங்கள் கொல்லையில் எட்டு வருஷமாக ஒரு வெண்ணெய் டப்பா புதைந்து கிடந்தது. உள்ளே ஒன்றும் கிடையாது என்பது எனக்கு மட்டும்தான் தெரியும்.

என் மகள் பிரிட்டா ஏழு வயதில் எங்கள் மாவட்டத் திருவிழாவில் பந்தெறிந்து இரண்டு தங்கமீன்களை ஜெயித்தாள். கெட்சப், மஸ்டர்ட் என்று பெயர் வைத்தாள். மஸ்டர்டுக்கு வெள்ளை வால், அதில் ஒரு கறுப்புப் பொட்டு. சமையல் மேடையில் ஒரே கண்ணாடிக் கிண்ணத்தில் இரண்டையும் விட்டேன். இரண்டு நாளுக்கொரு தரம் தண்ணீர் நாறும். கழுவிக் கழுவி அலுத்துப்போய், ஒருநாள் அவள் பள்ளிக்குப் போனதும் மஸ்டர்டைத் தெருக்கோடிக் குளத்தில் கொட்டிவிட்டு வந்தேன். செத்துப்போச்சு என்று சொன்னேன். அடக்கம் செய்ய வேண்டுமென்று அடம்பிடித்தாள். காலி டப்பாவுக்கு டேப் சுற்றிப் புதைத்தேன். ஐஸ் குச்சியில் சிலுவை செய்து நட்டுவிட்டு இரண்டு நாள் சாப்பிடாமல் அழுதாள். பாவி நான், வாயே திறக்கவில்லை.

போன சனிக்கிழமை நகராட்சி ஆட்கள் அந்தக் குளத்தில் வலை போட்டார்கள். தங்கமீன் பெருகிப் பெருகி, தண்ணீர் சேறாகி, தவளைச் சத்தமே நின்றுபோயிருந்தது. உதவிக்குப் போன தெருக்காரர்களில் நாங்களும் இருந்தோம்.

"அம்மா, இங்க பாரேன், எம்மாம் பெருசு!" பிரிட்டா கத்தினாள். முழங்கை நீள மீன். வெள்ளை வால், கறுப்புப் பொட்டு. "நம்ம மஸ்டர்ட் மாதிரியே இருக்குல்ல?"

"எல்லாம் ஒரே மாதிரிதான்டி இருக்கும்." வலைப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

வலை இழுத்த நகராட்சிக்காரர் வாலஸ் சிரித்தார். "கிண்ணம் கழுவச் சோம்பப்பட்டவங்க யாரோ விட்டதுதான் எல்லாம்."

"எங்க வீட்டுல ஒண்ணு இருக்கு, எட்டு வருஷமா விரல் நீளம்தான். கிண்ணத்துக்கு ஏத்த மாதிரி வளரும்னு அம்மா சொன்னாங்க."

"அது சும்மா கதைம்மா. அதோட கழிவுலயே கெடந்து வளர முடியாம நின்னுபோயிருக்கு. முதுகு வளைஞ்சிருக்கா?"

வளைந்துதான் இருந்தது. பிரிட்டா என்னைப் பார்த்தாள்.

வாலஸ் பெரிய மீனை ஐஸ் பெட்டிக்குள் போடப் போனார். "அதை மட்டும் விட்டுடுங்க!" என்று கத்திவிட்டேன்.

"திரும்ப விடக் கூடாதும்மா, சட்டம்." மீன் பெட்டிக்குள் விழுந்து துடித்தது.

"அப்போ டப்பாக்குள்ள?" என்றாள் பிரிட்டா.

"ஒண்ணுமில்ல."

அவள் கத்தியிருந்தால் தேவலை. நேரே வீட்டுக்கு நடந்தாள். கொல்லையைத் தோண்டி, டேப்பைப் பிரித்து, காலி டப்பாவைக் கொண்டுவந்து கெட்சப்பின் கிண்ணத்துக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"கழுவி வை. கெட்சப் சாகறப்போ வேணும்."

கழுவி வைத்தேன்.