விலாங்குக்கு முன் ஒரு நிரூபணம்

ஏதென்ஸில் புலனடக்கத்தை முழுதாகக் கற்று முடித்தவன் என் நண்பன் தியோடிமோஸ் ஒருவன்தான். பாடம் முடிந்து ஆலிவ் தோப்பில் உட்கார்ந்திருந்தபோது அவனே அதை அறிவித்தான்.

"எது போதும்னு அறிவுக்குத் தெரிஞ்சுட்டா, கை அதைத் தாண்டாது. அறிவு எஜமான், கை வேலையாள். அவ்வளவுதான்."

எங்களோடு படிக்கும் சாத்திரோஸுக்கு எந்த வரையறையும் தலையில் நிற்காது. அதனால் அவன் தினமும் மீன் சந்தைக்குப் போய், ஊரே நாக்கூறும் விலையுயர்ந்த விலாங்கு மீன் விற்கும் கடை முன் கொஞ்சநேரம் நின்றுவிட்டு, நெத்திலி வாங்கிக்கொண்டு வீடு திரும்புவான். கேட்டால் ஆசையை அடக்கப் பழகிக்கொள்கிறானாம்.

"பழக்கறதெல்லாம் கழுதைக்குடா! மனுஷனுக்கு நிரூபணம் போதும்," என்றான் தியோடிமோஸ்.

"உனக்குப் போதும்ப்பா. எனக்கு விலாங்கப் பாத்தா நிரூபணம் மறந்துபோகுது."

அந்த வாரம் பிராக்சியாஸ் என்ற ஊர்ப் பெரியவர் எங்கள் மூவரையும் விருந்துக்கு அழைத்தார். திருவிழா ஊர்வலத்தில் கூடை சுமந்து போன அவர் மகளைப் பார்த்த நாளிலிருந்து தியோடிமோஸ் சரியாகத் தூங்கவில்லை. பெண் கேட்டு ஆயிற்று. பதில் இந்த விருந்தில்தான்.

கீரை இலையில் சுற்றிச் சுட்ட விலாங்கு வந்தது. எல்லோருக்கும் சேர்த்து ஒரே தட்டு. தியோடிமோஸ் புலனடக்கத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தான். உண்மையிலேயே அருமையான பேச்சு. ஒவ்வொரு வாதம் முடிந்ததும் அவன் கை மட்டும் தட்டுவரை போய்வந்தது. ரொட்டியை அவன் தொடவில்லை. முடிவுரைக்கு வந்தபோது தட்டில் இலைதான் இருந்தது. சாத்திரோஸ் அந்த இலையை ரொட்டியில் சுருட்டி நிம்மதியாகத் தின்றான்.

பிராக்சியாஸ் தட்டை எட்டிப் பார்த்தார்.

"பேச்சுல ஒரு குறையும் இல்ல தம்பி. மீன் எப்படின்னுதான் எனக்குத் தெரியல."

எல்லோரும் சிரித்தோம். தியோடிமோஸும் சிரித்தான், பிறகுதான் தட்டைப் பார்த்தான். காதுவரை சிவந்துபோனான்.

"அப்போ... பொண்ணு விஷயம், ஐயா?"

"திராட்சை அறுவடை முடிஞ்சு மறுபடி வாங்க. அன்னிக்கும் விலாங்குதான். மிச்சம் இருந்தா பேசலாம்."

மறுநாள் காலை சாத்திரோஸோடு நானும் சந்தைக்குப் போனேன். விலாங்குக் கடை முன் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு தியோடிமோஸ் நின்றிருந்தான்.

"வாங்கறதுன்னா வாங்கு, இல்லேன்னா நகரு," என்றான் மீன்காரன். "முறைச்சா வெலை குறையாது."

தியோடிமோஸ் எங்களைக் கவனிக்கவில்லை. பெருமூச்சு விட்டான். இன்னும் கொஞ்சநேரம் நின்றான். பிறகு அடுத்த கடைக்கு நகர்ந்து, தாழ்ந்த குரலில் நெத்திலி கேட்டான்.