இரண்டிலும் நாலிலும்

ஜால்ரா அடிக்கத் தெரியும் என்பதற்காகத்தான் கோமதிநாயகத்தைக் கட்டிக்கொண்டேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள். சிரித்துவிட்டுப் போங்கள். தாராவியில் எங்கள் அம்மன் கோவில் வெள்ளிக்கிழமை பஜனையில் நான் பாடுவேன், அவர் ஜால்ரா. கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே அப்படித்தான். நான் எங்கே மூச்சு விடுவேன் என்பது அந்தக் கைக்குத் தெரியும். வீட்டில் எங்கள் பேச்செல்லாம் நான் விற்கும் இட்லி மாவு, கேஸ், தண்ணீர் என்றே போய்விடும். எங்களுக்கென்று இருந்தது அந்தப் பஜனை ஒன்றுதான்.

அதில்தான் மண் விழுந்தது.

அவர் செம்பூரில் ஸ்மிதா மேடத்தின் கார் டிரைவர். தினமும் காலையில் மேடத்தைப் பாந்த்ராவில் கொண்டு விட வேண்டும். டிராஃபிக்கில் நிற்கும்போது அவள் ஏதோ ஜாஸ் பாட்டுப் போடுவாளாம்.

"ஸ்லோவா இருக்கும் ளா. ஒருத்தன் சாக்ஸபோன் ஊதுவான் பாரு, எங்கயும் போக வேண்டியது இல்லாதவன் மாதிரி" என்று ஒருநாள் சாப்பிடும்போது சொன்னார். அவர் என்னிடம் ஒரு பாட்டைப் பற்றிப் பேசி வருஷக்கணக்காகிறது. நான் காதில் விழாத மாதிரி சாம்பாரை ஊற்றினேன்.

அதன் பிறகு சட்டைப் பொத்தான் போடும்போது காலைத் தட்டினார். குழாயடியில் நிற்கும்போது விரலைச் சொடுக்கினார். பொறுத்துக்கொண்டேன். வெள்ளிக்கிழமை வந்தது.

நான் பாட்டை எடுத்தேன். சொல்லை வைக்கிற இடத்தில் ஜால்ரா சத்தமே இல்லை. வைத்து முடித்த பிறகு, சாவகாசமாக, 'ணங்' என்று விழுந்தது. நாலு எண்ணிக்கைத் தாளத்தில் ஒன்றிலும் மூன்றிலும் விழ வேண்டிய அடி இரண்டிலும் நாலிலும் விழுந்தது. டோலக் மாரிக்கண்ணன் தடுமாறி நிறுத்திவிட்டான். பெண்கள் சிரித்தார்கள்.

"என்னடே கோமதி, தூங்குதியா?" என்றாள் பார்வதியம்மாள்.

அவர் தூங்கவில்லை. கண்ணை மூடிச் சிரித்துக்கொண்டிருந்தார். என் பாட்டுக்கு அவர் அப்படிச் சிரித்ததே கிடையாது.

வீட்டுக்கு வருகிற வழியிலேயே பிடித்துக்கொண்டேன்.

"யாரு சொல்லிக் குடுத்தா?"

"எதை?"

"அந்தத் தப்புத் தாளத்தை."

"அரே, தப்பு இல்ல ளா. அந்தப் பாட்டுக்கு அப்படித்தான். மொதல்ல நானும் நம்ம மாதிரிதான் ஸ்டியரிங்ல தட்டுனேன். மேடம் சிரிச்சிட்டு, ரெண்டுலயும் நாலுலயும் சொடுக்குங்கன்னாங்க. இன்னைக்கு என்னமோ கை தானா அப்படிப் போயிட்டு."

பின் சீட்டில் அவள், முன் சீட்டில் இவர், சிக்னலில் இரண்டு பேரும் சொடுக்கிக்கொண்டு. நான் அவரை விட்டு முன்னால் நடந்தேன்.

"மேடம் அப்படிப்பட்ட ஆளு இல்ல ளா."

"நான் அப்படிப்பட்ட ஆளுதான்" என்றேன்.

ஊர் சுற்றினார்கள் என்றால் சண்டை போட்டு இழுத்து வந்துவிடலாம். அவள் எடுத்துக்கொண்டது என் பாட்டுக்கு விழுகிற கையை அல்லவா? அதை எந்தப் பஞ்சாயத்தில் கேட்பது?

ஞாயிற்றுக்கிழமை அவருக்கு டியூட்டி இருந்தது. மத்தியானம் மாவு விற்றுத் தீர்ந்ததும் போனை எடுத்து "ஸ்லோ ஜாஸ்" என்று சொல்லித் தேடினேன். குறை கண்டுபிடிக்கத்தான். இயர்போனை மாட்டிக்கொண்டேன். முதல் பாட்டு தூக்கம் வந்தது. அடுத்ததில் டிரம்மை யாரோ முறத்தில் அரிசி புடைப்பதுபோலத் தேய்த்தார்கள். தடித்த தந்தி ஒன்று அதன்பாட்டுக்கு நடந்தது. என் கை வழக்கம்போல ஒன்றில் தட்டியது. பாட்டு கனத்துப்போனது. கையைக் கொஞ்சம் நிறுத்திவைத்து, இரண்டில் சொடுக்கினேன்.

பாட்டு தூக்கிக்கொண்டு போனது. ஐயோ, நன்றாக இருந்தது. நன்றாக இல்லாமல் இருந்திருந்தால் அவளை மன்னித்துக்கூட இருப்பேன்.

பிறகு ஒருவன் பாடினான். கரகரத்த குரல். தாளம் போன பிறகு வந்து சேர்ந்தான், வந்தும் கெடுக்கவில்லை. இங்கிலீஷ் எனக்குப் புரியாது. புரிய வேண்டியும் இருக்கவில்லை. திரும்பத் திரும்ப அதையே போட்டேன்.

கண்ணைத் திறந்தபோது அவர் வாசலில் செருப்புக்கூடக் கழற்றாமல் நின்று, என் மடியிலிருந்த போனில் தெரிந்த சாக்ஸபோன் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏளா, மேடம் போடுற பாட்டா?"

"இல்ல. நானே தேடிப் பிடிச்சது."

"ஒரு பக்கத்தைக் குடு, கேப்போம்" என்று கையை நீட்டினார். நான் கொடுக்கவில்லை.

"யாரு பாடுதா?"

"ஒருத்தன்."

"ஒருத்தன்னா?"

"பேரு தெரியாது. நல்லா நிதானமாப் பாடுதான்."

அவர் முகம் சுருங்கியது. அதை ஆசை தீரப் பார்த்தேன். பிறகு அவர் பார்வை என் விரலுக்கு வந்தது. இரண்டில் ஒரு சொடுக்கு, நாலில் ஒரு சொடுக்கு.

"யாரு சொல்லிக் குடுத்தா?" என்றார்.

யாரும் இல்லை என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

செருப்பைக் கழற்றினார். அலமாரியிலிருந்து ஜால்ராவை எடுத்துக்கொண்டு எனக்கு எதிரே உட்கார்ந்தார். பாட்டு அவருக்குக் கேட்காது. என் விரலை மட்டும் பார்த்து அடித்தார். ஒரு அடிகூடத் தப்பவில்லை.

காதில் இருந்ததை நான் கழற்றவில்லை.