ஆறால் வகுத்த நேரம்

மகள் குனிந்து எஞ்சினை இரண்டு கையாலும் பிடித்துத் தூக்கப் போனாள்.

"தொடாதே அம்மாடி. கொக்கியக் கழட்டாம தூக்கினா வளைஞ்சுடும்" என்றார் வாத்தியார்.

"அப்ப கழட்டுங்க மாமா. காலையிலேருந்து எத்தனை தடவ சொல்றது? மூணு மணிக்கு வண்டி வந்துடும்."

செருப்புப் பெட்டியைவிடச் சற்றே நீளமான பொம்மை ரயில் எஞ்சின். அதன் பின்னால் ஒன்பது வேகன்கள். வீட்டின் பக்கவாட்டு நடைபாதையை மறித்துக்கொண்டு, நேற்று நின்ற இடத்திலேயே நின்றுகொண்டிருந்தன. முன்வாசல் படி குறுகல். கூடத்தில் கிடத்தியிருக்கும் அப்பாவை இந்த வழியாகத்தான் எடுத்துப்போக முடியும்.

"செஷன் முடியலயே அம்மாடி" என்றார் வாத்தியார் தணிந்த குரலில். "ரிஜிஸ்டர்ல வண்டி இன்னும் இங்கதான் நிக்குது. அதை ஒழுங்கா மூடிட்டு எடுத்துடறோம்."

"எங்கப்பாவே முடிஞ்சுட்டார். இன்னும் என்ன மாமா செஷன்?"

வாத்தியார் கக்கத்து நோட்டை இன்னும் இறுக்கிக்கொண்டார். பல் டாக்டர் தன் காலணியைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒயர்மேன் தண்டவாளத்தில் ஒட்டியிருந்த காய்ந்த இலையை நகத்தால் சுரண்டினார்.

பதினைந்து வருடங்களாக மாதத்தின் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை இந்த மூவரும் அப்பாவோடு ரயில் ஓட்ட இங்கே வந்துவிடுவார்கள்; அதற்குப் பெயர்தான் செஷன். அப்பா தோட்டம் முழுக்கத் தண்டவாளம் போட்டிருந்தார். வாசல் பக்கம் ஒரு ஸ்டேஷன், பின்னால் கொட்டகை அருகே இன்னொன்று. நடுவில் ஒற்றைப் பாதை. வாசலில் கணக்கு வாத்தியார் உட்காருவார். கொட்டகை ஸ்டேஷனில் அப்பா. இடையில் ஆள் உயரச் செடி வேலி. ஒருவரை ஒருவர் பார்க்க முடியாது. வாத்தியார் பொத்தானை அமுக்கினால் அப்பா பக்கம் மணி அடிக்கும். அப்பா இரண்டு முறை மணி திருப்பி அடித்தால் பாதை காலி என்று அர்த்தம். அடிக்காவிட்டால் வண்டி நகரக் கூடாது. கத்திக் கூப்பிடக் கூடாது, எழுந்து போய்ப் பார்க்கவும் கூடாது. சட்டம் போட்டவர் அப்பாதான். பேத்தி பிறந்த செய்தியையே செஷன் முடிந்த பிறகுதான் காதில் வாங்கிக்கொண்ட மனிதர்.

நேற்று அப்பா மணி அடிக்கவில்லை. இவர்கள் காத்திருந்தார்கள்.

அவள் கணவன் கையில் ஒரு தாளோடு வந்தான். "இந்த ஃபாரத்துல இறந்த நேரம்னு ஒரு கட்டம் இருக்கு. நேத்து வந்து பாத்த டாக்டர் காலியா விட்டுட்டார். கூட இருந்தவங்களக் கேட்டு எழுதுங்கன்னார்."

"கூட யார் இருந்தா?" என்றாள் அவள்.

பிறகு வாத்தியார் பக்கம் திரும்பினாள்.

"டாக்டர்கிட்ட நான் ஒண்ணுதான் கேட்டேன். கொஞ்சம் முன்னாடி பாத்திருந்தா பொழச்சிருப்பாரான்னு. சொல்ல முடியாதுங்கறார். மாட்டார்னு சொல்லியிருந்தா இந்த நேரம் நான் படுத்துத் தூங்கியிருப்பேன். எவ்வளவு நேரம் மாமா விட்டீங்க அவர?"

வாத்தியார் கக்கத்தில் இருந்த நீள நோட்டை எடுத்துக் கொடுத்தார். அச்சு மாதிரி எழுத்து.

11.36. முந்தைய வண்டி போய்ச் சேர்ந்தது. இரண்டு முறை மணி வந்தது.
12.00. அனுமதி கேட்டது. பதில் இல்லை.
12.30. மறுபடி கேட்டது. பதில் இல்லை.
1.15. மறுபடி கேட்டது. பதில் இல்லை.
2.00. மறுபடி கேட்டது. பதில் இல்லை.
2.30. ஒயர்மேன் சென்றார்.

அவர்களுடைய கடிகாரம் ஆறு மடங்கு வேகமாக ஓடும். நிஜக் காலை பத்து மணிக்கு அதில் ஆறு மணி வைத்துத் தொடங்குவார்கள். ஒரு மணி நேரத்துக்குள் கால் நாள் ஓட்டியாக வேண்டுமே. ஆக, இந்த இரண்டரை மணி நேரத்தை அவள் ஆறால் வகுத்தாள். இருபத்தைந்து நிமிடம். சாவுக்கு நேரம் கேட்டால்கூட இந்த வீட்டில் கணக்குப் போட வேண்டியிருந்தது.

"இருபத்தஞ்சு நிமிஷம். முப்பது அடி தூரம். மூணு பேர்ல ஒருத்தருக்குக்கூட எட்டிப் பாக்கத் தோணலயா?"

"எனக்கு மணி ஒயர்தான் போச்சுன்னு பட்டது" என்றார் ஒயர்மேன். "இந்தப் பக்கத்துலேருந்து ஒவ்வொரு ஜாயின்ட்டா பாத்துக்கிட்டே போனேன். கடைசியில பாத்தா அவர்..." நிறுத்திக்கொண்டார்.

பல் டாக்டர் தொண்டையைச் செருமினார். "தப்பு என் மேலம்மா. நேத்து காலையில நான் சிக்னலத் தாண்டி வண்டிய ஓட்டிட்டேன். போன வருஷம் இதே தப்புக்கு உங்கப்பா என்ன அரை மணி நிக்க வெச்சார். நேத்தும் தண்டனைதான் குடுக்கறார்னு நெனச்சேன். கெழவனுக்குக் கோவம் இன்னும் தீரலன்னு சொல்லி..." அவர் முகம் கோணிற்று. "சிரிச்சுக்கிட்டு இருந்தோம்."

"சிரிச்சீங்க."

"ஆமாம்மா."

கத்த வேண்டும் என்று நேற்றிலிருந்து சேர்த்துவைத்திருந்தாள். இந்த மூன்று கிழவர்களையும் நிற்க வைத்து ஒரு பிடி பிடித்து, இனி இந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்காதீர்கள் என்று அனுப்ப வேண்டும் என்றுதான் இருந்தாள். இப்படிக் கேட்டதற்கெல்லாம் ஆமாம் என்று தலையாட்டினால் எங்கே போய்க் கத்துவது? எரிச்சலில் அவளுக்குக் காது சுட்டது.

"சரி, நேரம் என்ன போடட்டும்?" என்றான் கணவன்.

"நிஜக் கடிகாரத்துல பத்து அம்பத்தாறுக்கு ரெண்டு தடவ மணி அடிச்சிருக்கார்" என்றார் வாத்தியார். "பதினொண்ணுக்கு அடிக்கல. நடுவுல நாலு நிமிஷம். அதுக்கு மேல என் நோட்டுல இல்ல."

"பதினொண்ணுன்னே போட்டுக்கறேன்." கணவன் உள்ளே போனான்.

அவள் நோட்டைத் திருப்பிக் கொடுக்கவில்லை. "பேனா குடுங்க மாமா" என்றாள்.

வாத்தியார் சட்டைப்பையிலிருந்து எடுத்து நீட்டினார்.

"பதினொண்ணே கால்னா உங்க கடிகாரத்துல எவ்வளவு?"

"ஒண்ணரை."

எஞ்சினின் கூரைமேல் நோட்டை வைத்துக் குனிந்தாள். 1.15க்கும் 2.00க்கும் இடையில் ஒரு வரிக்குத்தான் இடம் இருந்தது. அவர்கள் எழுதும் விதமாகவே, யார் என்று சொல்லாமல், பொடி எழுத்தில் எழுதினாள்.

1.30. வேலியோரம் வந்து, முதுகைப் பார்த்து, காபி என்று இருமுறை கூப்பிட்டது. பதில் இல்லை. எப்போதும்போலத்தான் என்று திரும்பிவிட்டது.

நோட்டை வாத்தியாரிடம் கொடுத்துவிட்டு, பாதையோரம் உட்கார்ந்து கடைசி வேகனின் கொக்கியை நெம்பிப் பார்த்தாள். அது வரவில்லை. பல் டாக்டர் பக்கத்தில் மண்டியிட்டு, ஒரு பல்லை அசைத்துப் பார்ப்பதுபோல இரண்டு விரலால் அதைத் தளர்த்தி, வேகனைத் தூக்கி அவள் மடியில் வைத்தார்.

வாத்தியார் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு அந்த வரியைப் படித்தார். ஒயர்மேனும் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்துவிட்டு விலகிப் போனார். வாத்தியார் நோட்டை மூடப் போனவர், மூடாமல், அந்த வரியின் மேல் மெதுவாக ஊதினார். பால்பாயின்ட் மை காய ஒன்றுமில்லை. அவர் ஊதிக்கொண்டே நின்றார்.