‘இவர்’ என்று ஒரு தொகுப்பு

என் தம்பி மகள் கீர்த்திகாவின் மடிக்கணினியை நான் ஒருநாளும் தொட்டதில்லை. தொடவேண்டிய தேவை வரவில்லை.

அவள் உயர்தரம் படித்த காலத்தில் என் மேசைக் கணினியில் உலாவிக் கணக்கொன்றைத் திறந்து கொடுத்தவன் நான்தான். பிறகு தனக்கென்று ஒரு கணினி வாங்கியபோதும் அந்தக் கணக்கையே கொண்டுபோனாள். ஆகவே அவள் தன் அறையில் எந்த நீட்சியை, அதாவது எக்ஸ்டென்சனை, சேர்த்தாலும் அதுவும் அதில் அவள் சேமிப்பதும் என் திரையிலும் வந்து உட்காரும். அண்மையில் அப்படி ஒன்று வந்தது. திறந்து கிடக்கும் தாவல்களைப் பெயர் வைத்துத் தொகுப்பாக அடுக்கிவைக்கிற நீட்சி.

வேலை. சமையல். அம்மாவின் கண். கடைசியில் ஒரு தொகுப்பு: இவர்.

ஒரு ஆணின் பெயரை எழுதியிருந்தால் கடந்து போயிருப்பேன். ‘இவர்’ என்பது வேறு. எங்கள் பெண்கள் தாலி ஏறிய பிறகு கணவனைச் சொல்லுகிற சொல் அது. அவளுடைய தாய் நாகேஸ்வரி என் தம்பியை அப்படித்தான் சொன்னாள். அவன் இறந்த பிறகும் அப்படித்தான் சொல்கிறாள். அச்சுவேலியில், என் கூரைக்குக் கீழே, எவரையும் கேளாமல் ஒருத்தி மனதுக்குள் தாலி கட்டிக்கொண்டு திரிந்திருக்கிறாள்.

திறந்தேன். பதிவுத் திருமணத்துக்கு அறிவித்தல் கொடுக்கும் முறை. காங்கேசன்துறையிலிருந்து நாகப்பட்டினம் போகும் கப்பலின் பயண நாட்கள். சிவதர்ஷன் என்பவனின் முகநூல் பக்கம்: கடற்றொழில் செய்யும் குடும்பம், பல்கலைக்கழகத்தில் இவளோடு படித்தவன், யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் அறை எடுத்து ரியூசன் கொடுக்கிறான். அதன் பிறகு எல்லாம் வலிப்பு நோய் பற்றிய பக்கங்கள். பிள்ளைகளுக்கும் வருமா, குளிசையை நிறுத்தலாமா என்று.

எங்கள் குடும்பத்தில் எவருக்கும் வலிப்பு இல்லை. தொகுப்பின் பெயரே நோயாளியைக் காட்டிக்கொடுத்தது.

மறுநாள் பலாலி வீதி பஸ்ஸில் போய் அவன் அறைக் கதவைத் தட்டினேன்.

“கீர்த்திகாவின்ரை பெரியப்பா,” என்றேன்.

மடித்துக் கட்டியிருந்த சாரத்தை இறக்கிவிட்டான். “வாங்கோ ஐயா, இருங்கோ.”

“இருக்க வரேல்லை. பிள்ளை ஒரு சேதி சொல்லிவிட்டவள். தன்ரை வாயாலை சொல்ல ஏலாதாம்.”

“என்னவாம்?”

“உமக்கு வலிப்பாமே.”

அவன் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டான். “அவ சொன்னவவோ?”

“பின்னை எனக்கு ஆர் சொல்லுறது? காகமோ? நீர் விழுந்து கிடக்கேக்கை உம்மைத் தூக்கிறதோ, கைப்பிள்ளையைத் தூக்கிறதோ எண்டு கேட்டு அழுகிறாள். பயந்துபோனாள்.”

“என்ரை அம்மாவுக்கும் அவவுக்கும் மட்டும்தான் ஐயா தெரியும். சத்தியம் பண்ணினவ.”

“இனி அவளை மறிச்சுக் கேட்டுக் கரைச்சல் குடாதையும். மானம் ரோசம் உள்ளவர் எண்டால் பேசாமல் விலகும்.”

“எங்களுக்கும் அது இருக்கு,” என்றான். குரல் உடைந்தாலும் தலை குனியவில்லை. நான் நம்பிப் போனதும் அந்த ரோசத்தைத்தான்.

அடுத்த நாள் மத்தியானம் கீர்த்திகா என் மேசைக்கு வந்தாள். அழுது முகம் அதைத்திருந்தது. நாகேஸ்வரி பின்னால் நின்றாள்.

“பெரியப்பா, தாவல் அடுக்கிற எக்ஸ்டென்சன் ஒண்டு வச்சிருக்கிறன். அது நான் பாக்கிறதுகளை வெளியாக்களுக்குக் காட்டுமோ?”

என் பெயரைச் சொல்லாமல், இரகசியத்தை வெளியில் விட்டாய் என்று மட்டும் சொல்லி அவன் விலகியிருக்கவேண்டும். நீட்சியை ஆக்கிய நிறுவனத்தின் தனியுரிமை அறிவித்தலைத் திறந்து, தமிழாக்கி வாசித்துக் காட்டினேன். எதையும் தங்கள் சேவையகத்துக்கு எடுப்பதில்லை. விளம்பரக்காரருக்கு விற்பதில்லை. சேமித்தவை பயனரின் உலாவிக் கணக்கை விட்டு வெளியேறுவதில்லை.

“வடிவாப் பாத்தனீங்களோ?”

“ஒரு சொல்லும் விடேல்லை. வெளியிலை போகாது, பிள்ளை.”

அது முழு உண்மை. ஒழுங்கான நிறுவனம், வீட்டு விசயம் வேலி தாண்டக்கூடாது என்பது அவர்களுக்கும் தெரிந்திருக்கிறது. கணக்கு யார் திறந்தது என்பதை அவள் யோசிக்கவில்லை. அதே நீட்சியின் சின்னம் என் திரை மூலையில் இருந்தது. பார்த்தாள், பார்த்தும் காணவில்லை.

“அப்ப என்னட்டையிருந்து ஒண்டும் போகேல்லை. உவன்தான் சாட்டுத் தேடியிருக்கிறான்.”

“ஆரடி பிள்ளை? எவன்?” என்றாள் நாகேஸ்வரி.

“ஒருத்தருமில்லை அம்மா.”

அவள் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். நான் திரைக்கு முன்னால் இருந்தேன். சிறிது நேரத்தில் அந்தத் தொகுப்பிலிருந்து கப்பல் போனது. பதிவாளர் போனார். அவன் முகம் போனது. வலிப்பு ஒவ்வொன்றாகப் போனது. பிறகு தொகுப்பே இல்லை.

“இரவைக்கு இடியப்பம் அவியும். பிள்ளை ஒண்டும் சாப்பிடேல்லை,” என்று நாகேஸ்வரியிடம் சொல்லிவிட்டு எழும்பப் போனேன். அப்போது திரையில் புதிதாக ஒரு தொகுப்பு வந்தது. பெயர் வைக்கப்படவில்லை. உள்ளே ஒரே ஒரு பக்கம்: கொழும்பில் வேலை பார்க்கும் பெண்களுக்கான விடுதி ஒன்று, உடனே இடம் உண்டு.

அவன் இல்லாமலும் போகப் பார்க்கிறாள்.

மறுபடி உட்கார்ந்தேன். பக்கத்தின் அடியில் விடுதிப் பொறுப்பாளரின் தொலைபேசி இலக்கம் இருந்தது. பிள்ளையின் நடத்தையைப் பற்றி வீட்டுப் பெரியவர் ஒருவரே எடுத்துச் சொன்னால் எந்த விடுதியும் கேட்கும். போனை எடுத்தேன்.