கருவாட்டுப் படம்

வெள்ளவத்தைப் பரிசுப்பொருள் கடை ஒன்றுக்காக ரமணி தீப்பெட்டி அளவில் உணவுப் படங்கள் அச்சிட்டிருந்தாள். பாண், இடியப்பம், பருப்பு, பொல் சம்பல், கருவாடு என ஐந்தும் சேர்ந்தது ஒரு செட். சேகரிப்பவர்கள் ஒன்று குறைந்தாலும் வாங்க மாட்டார்கள். அவளுக்குக் கிடைத்த முதல் ஓடர் அது. கடைக்காரர் மாலையில் எடுக்க வருவதாக இருந்தது.

தூசி படாத இடமென்று சாமி அறை வாசலில் காயவைத்திருந்தாள். சுத்த சைவமான மாமனார் சாத்தப்பன் அதைக் கண்டதும் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

"சீ! சாமிக்கு முன்னால கருவாடா? நாத்தம் குடலைப் புரட்டுது."

"மாமா, அது வெறும் காகிதம். மை வாசந்தான் வரும்."

"எனக்குத் தெரியாதா? கொட்டாஞ்சேனை மீன் கடைப் பக்கம் போனா வர்ற அதே நாத்தம்!"

அவள் தேநீர் போடப் போன நேரத்தில், அவர் செம்புத் தண்ணீரில் மஞ்சள் கரைத்து, தீட்டுப் போக எல்லாப் படங்கள்மேலும் தெளித்தார். காயாத மை கரைந்தது. பருப்பும் சம்பலும் குழைந்து, யாரோ வாந்தி எடுத்ததுபோல் வழிந்தன.

"இப்பதான் சுத்தம்" என்றார்.

வாசலில் கடைக்காரரின் ஓட்டோ வந்து நின்றது. ரமணி ஒரு படத்தை நுனிவிரலால் தூக்கிப் பார்த்தாள்.

"இப்ப எனக்குக் குமட்டுது மாமா. நீங்களே போய் அவருக்குச் சொல்லுங்க."