தங்கவயல் தீவுக்கு ஒரு பஸ்

பூகோள வல்லுநர்கள் தங்கள் வரைபடங்களை உடனே திருத்திக்கொள்வார்களாக. கோலார் தங்கவயலில், கடல் வாடையே அடிக்காத இடத்தில், ஒரு தீவு கண்டுபிடிக்கப்பட்டுள்ளது. கண்டுபிடித்தவர் கவுன்சிலர் மாணிக்கராஜ். மூன்று பக்கம், தங்கம் பிரித்தபின் கொட்டிய சைனைட் மண்மேடு. நாலாவது பக்கம் மழை பெய்தால் இடுப்பளவு தண்ணீர் தேங்கும் பள்ளம். நடுவே சுரங்கக் காலத்து லைன் வீடுகள் கொஞ்சம்.

"இந்தத் தீவு மக்களைக் கரையேத்தாம ஓயமாட்டேன்!" என்று மைக்கில் முழங்கி, பள்ளத்தை மண் கொட்டி மேடாக்கி, கோரமண்டல் ரயில்வே ஸ்டேஷனிலிருந்து ஒரு மினி பஸ் விட்டார். டிக்கெட் பத்தே ரூபாய். கத்தரிக்கோலை யாரோ மறந்துவிட்டதால், சம்பங்கி வீட்டு அரிவாள்மனையில்தான் ரிப்பன் வெட்டப்பட்டது. மீன் செதில் ஒட்டியிருந்தது போட்டோவில் விழவில்லை.

சம்பங்கிக்கு அரிவாள்மனை போனாலும் கவலையில்லை. புருஷன் போன பிறகு தனிக்கட்டை. பெங்களூரில் இருக்கும் மகள் பவ்யா போனில் எப்போதும் பாடுவது ஒரே பாட்டு: "ஆட்டோக்காரன் ரிட்டர்ன் காலியா வரணும்னு டபுளா கேக்கறாம்மா. ஒரு பஸ் இருந்தா வாரா வாரம் வந்துட மாட்டேனா?"

பஸ் வந்துவிட்டது.

முதல் ஞாயிறு கறிக்குழம்பு வைத்து, நல்ல சேலை கட்டிக்கொண்டு பஸ் நிற்குமிடத்துக்குப் போனாள். டிரைவரும் கண்டக்டரும் தானேயான டென்சில் மட்டும் இறங்கினான்.

"இன்னா ஆன்ட்டி, என்னை ரிசீவ் பண்ணவா வந்தீங்க?"

"உன் மூஞ்சிக்கு மாலை வேற போடணுமா? பின்னால யார்னா தூங்கறாங்களா பாரு."

"பாத்துட்டேன் ஆன்ட்டி. சீட்டுதான் தூங்கினுகீது."

ஆனால் பஸ் காலியாகத் திரும்பவில்லை. பக்கத்து வீட்டு சரோஜம்மா மிக்ஸி, டிவி, பாத்திர மூட்டையோடு ஏறினாள். மகன் பங்காரப்பேட்டையில் எப்போதோ வீடு பார்த்துவிட்டான். சாமான் ஏற்றத்தான் வழியில்லாமல் கிடந்தது.

"நீயுமா சரோஜா?"

"பத்து ரூபாய்க்கு வேற எவன் ஏத்துவான் சம்பங்கி? பூனைய உன்கிட்ட வுட்டுட்டுப் போறேன், பாத்துக்க."

அடுத்தடுத்த வாரங்களில் கட்டில் போனது, கோழிக்கூண்டு போனது, அவற்றுக்குச் சொந்தக்காரர்களும் போனார்கள். கவுன்சிலர் வாக்குத் தவறாதவர், எல்லோரும் கரையேறினார்கள். பூனையும் ஒருநாள் சீட்டுக்கடியில் பதுங்கி, டிக்கெட் எடுக்காமலே போய்ச்சேர்ந்தது. ராத்திரியில் சம்பங்கி வீட்டு விளக்கு மட்டும் எரிந்தது.

மகளுக்குப் போன் போட்டாள். "பஸ்ஸு ஸ்டேஷன் வாசல்லயே நிக்குதுடி பவ்யா."

"அதான் பஸ் இருக்குதேம்மா, நீயே ஏறி வாயேன். ஆனா ஞாயித்துக்கிழமை வேணாம். எங்கயாச்சும் வெளிய போயிருப்போம்."

அடுத்த ஞாயிறும் கறிக்குழம்புத் தூக்குவாளியோடு போய் நின்றாள். டென்சில் இன்ஜினை அணைக்காமலே கூப்பிட்டான். "ஏறுங்க ஆன்ட்டி. ஆண்டர்சன்பேட்டை வரைக்குமாவது வந்து நாலு மனுசங்க மூஞ்சியப் பாத்துட்டு வாங்க."

"நான் ஏறிட்டா, அவ வந்து பூட்டுன வீட்டப் பாப்பாளேடா."

டென்சில் ஹாரனை ஒருமுறை அடித்துப் பார்த்தான். அவள் தூக்குவாளியை ஜன்னல் வழியே நீட்டினாள்.

"ஆறிப்போறதுக்குள்ள நீயாச்சும் தின்னு."

மாதக் கடைசியில், ஆளே இல்லாத இடத்துக்கு வண்டி எதற்கு என்று பஸ்ஸை நிறுத்திவிட்டார்கள்.